கம்பளிச் சட்டையின் ஒரு கை

என் அண்ணன் தணிகாசலம் சினிமாவுக்குக் கதை, வசனம் எழுதுகிறவன். புதுச்சேரிக்காரன் ஒருவன் மதராஸ் ஸ்டூடியோவில் பேர் வாங்கிவிட்டான் என்று ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நான் ஆடவில்லை. அந்தப் பாவி வசனத்தை எங்கிருந்து எடுக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

யோசித்து எழுதுகிற ஆளே இல்லை அவன். எங்கே சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பான். பெண்கள் மாரடித்துக்கொண்டு சொல்வதையெல்லாம் காதில் வாங்கி வந்து கதாநாயகி வாயில் போடுவான். கருவடிக்குப்பத்துச் சுடுகாட்டுக்கு அவன் அளவுக்கு நடந்தவன் கிடையாது.

என் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சுக்காரன் ஊரைவிட்டுப் போனபிறகும் இவர் அவன் பட்டாளத்தோடு அல்ஜீரியாச் சண்டைக்குப் போனார். மலையில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தார். கான்வென்ட்டில் கற்ற பின்னல் கைகொடுத்தது. கம்பளிச் சட்டை ஒன்று பின்ன ஆரம்பித்தேன்.

ஒரு மத்தியானம் அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"அமிர்தம், பிரெஞ்சு கான்சுலேட்ல சொன்னாங்க. நம்ம பலராமன் போயிட்டாரும்மா."

வளையலைச் சுவரில் அடித்து நொறுக்கினேன். மடியில் கிடந்த சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இன்னும் ஒரு கை பாக்கி கெடக்குதே! நான் யாருக்குப் பின்னுவேன்?" என்று கதறினேன். தரையில் புரண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், அண்ணன் அழவில்லை. தூணில் சாய்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதும்மா, எழுந்திரு. மாப்ள நல்லாத்தான் இருக்காரு. ஒரு சீன் வரமாட்டேன்னு அடம் புடிச்சுது, அதான் சொன்னேன்" என்றான்.

துடைப்பத்தை எடுத்துச் சாத்தினேன். "கட்டையில போறவனே! அது என் அழுகடா. என் புருஷனுக்காக அழுதது. அத நீ எடுத்தே, அப்புறம் உனக்குத் தங்கச்சியே கெடையாது!"

எடுக்க மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

எடுத்தான். படம் ஓடு ஓடென்று ஓடியது. அதோடு சொந்தமாகக் கம்பெனி வைத்துப் படமுதலாளியும் ஆகிவிட்டான். அரியாங்குப்பத்திலிருந்து பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, தியேட்டரில் மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். தெருவில் எவள் வீட்டுப் பால் திரிந்தாலும், "ஒரு கை பாக்கி கெடக்குதே!" என்று கேலி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சட்டையை முடித்து அனுப்பினேன். கச்சிதமாக இருக்கிறது என்று அவர் எழுதினார்.

சண்டை முடியப்போகிறது என்று எல்லோரும் சொன்ன வருஷம், கான்சுலேட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் போய்விட்டார் என்றார்கள்.

"எங்க அண்ணன் அனுப்புனானா?" என்று கேட்டேன்.

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை நிஜம்.

அதற்குள் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். வளையலை உடைக்கக் கையை ஓங்கினேன். பக்கத்து வீட்டு அன்னக்கிளி, பின்னால் நின்றவளிடம், "படத்துல வர்ற மாதிரியே பண்ணுது பாரேன்" என்றாள். கெட்டவள் இல்லை அவள். அவள் கண்ணிலும் தண்ணீர்தான். ஆனால் என் கை அப்படியே நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் அந்த நடிகையின் குரல்தான் வரும் போலிருந்தது. ஐயோ, என் புருஷனுக்கு அழ என்னிடம் ஒரு சொல்கூட மிச்சமில்லையே!

சாயங்காலம் அண்ணன் காரில் வந்து இறங்கினான். கூடவே அவன் கம்பெனி டைரக்டர். வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டு, "ஒரு கை பாக்கி கெடக்குதே மாப்ளே!" என்று அலறினான். கூட்டம் ஓவென்று அழுதது. பாக்கியே இல்லையடா, இரண்டு கையும் பின்னி அனுப்பிவிட்டேன் என்று கத்த நினைத்தேன்.

அலறி முடித்து என் பக்கத்தில் வந்து குந்தினான். "ஏம்மா அழ மாட்டேங்குற? உள்ளுக்குள்ள என்னா ஓடுது? அண்ணங்கிட்ட சொல்லு."

தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தான். அன்றைக்குத் தூணில் சாய்ந்து பார்த்த அதே பார்வை.

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சத்தம் வெளியே போகாமலிருக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் டைரக்டரிடம் சொன்னது கேட்டது.

"பாத்தீங்களா? ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. வசனமே வேணாம். எழுந்து போறா, கதவச் சாத்துறா. அதோட இன்டர்வெல் வுட்டுடலாம்."