வலது கதவு

சந்தானகிருஷ்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் கால் நனைந்திருந்தது. அப்துல் ஜலீலுக்குச் சந்தேகம் முளைத்தது அங்கேதான். சாப்பிட்டு வருகிற மனிதருக்குக் கை நனையலாம். கால் எதற்கு நனைகிறது?

பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் போகிற சாலையில் ஜலீலுக்குக் கேட் பட்டறை. துபாயிலும் சவூதியிலும் சம்பாதித்தவர்கள் அதிராம்பட்டினத்தில் வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. உள்ளே தரைக்கு என்ன கல் போடுவது என்பது அவரவர் வசதி. வாசல் கேட் விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பிடிவாதம். தெருவில் இன்னொருத்தர் வீட்டில் இருக்கிற கேட் தன் வீட்டில் இருக்கக் கூடாது. ஷார்ஜாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த கேட்டலாக்கை வைத்து ஜலீல் கொஞ்ச காலம் ஓட்டினார். அப்புறம் பார்த்தால், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த கண்ணுசாமியிடமும் அதே கேட்டலாக் இருந்தது. எதிரெதிர் வீட்டுக் கேட்டுகளில் ஒரே திராட்சைக் கொடி படர்ந்தது. இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஜலீலிடம் சண்டைக்கு வந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சந்தானகிருஷ்ணன் வந்து சேர்ந்தார். திருவையாறு பக்கம் நிலம் நீச்சென்று இருந்த குடும்பம். நிலத்தை விற்றுவிட்டு அண்ணன்மார் பம்பாய், பரோடா என்று போய்விட்டார்கள். இவர் டிராயிங் பரீட்சை எல்லாம் பாஸ் செய்துவிட்டு டிராயிங் மாஸ்டர் வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து நாற்பதைத் தொட்டவர். சாக்பீஸை எடுத்துப் பட்டறைத் தரையில் முழு அளவில் கேட்டை வரைவார். வெல்டர் அந்தக் கோட்டின் மேலேயே இரும்புப் பட்டையை வைத்து வைத்து வளைத்து ஒட்டுவான். ஒரு தடவை வரைந்ததை மறு தடவை வரைந்ததில்லை. ஒன்றில் தென்னை மட்டை பிளந்த மாதிரி வரி. இன்னொன்றில் வலையைக் காயப்போட்ட மாதிரி கண்ணி. ஆர்டர் குவிந்தது.

குவியக் குவிய ஜலீலுக்குச் சந்தேகமும் குவிந்தது. இத்தனை டிசைன் எங்கிருந்து வருகிறது? எங்கிருந்தாவது எடுத்தால்தானே வரும்? எடுக்கத் தெரிந்த கைக்குக் கொடுக்கவும் தெரியும் அல்லவா? போன மாதம் கண்ணுசாமி மாட்டிய ஒரு கேட்டில் அந்த மட்டை வரி அப்படியே இருந்ததை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"வாசல்ல மாட்டுன கேட்ட ரோட்ல போறவன் வர்றவன்லாம் பாக்கத்தான் செய்வான். ஒளிச்சு வைக்க அது என்ன நகையா?" என்றாள் அவர் மனைவி ஆமினா. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு.

"உனக்குத் தெரியாது. அந்த ஆளு மூஞ்சியப் பாரு, எதையோ முழுங்குன மாதிரியே இருக்கு."

"இத்தனை வருஷமா வாத்தியார் வேலை கிடைக்காதவர் மூஞ்சி வேற எப்படி இருக்கும்?"

ஜலீல் மனதில் ஜாஃபர் சாதிக்கின் கேட் இருந்தது. துபாயில் சொந்தமாகக் கடை வைத்திருப்பவர், அதிராம்பட்டினத்தில் இரண்டு மாடி. ஜலீலை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பார். முன்பணம் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: "காக்கா, இந்த கேட்ட வேற எங்கயாவது பாத்தேன்னா நான் மாட்ட மாட்டேன். பழைய இரும்புக்குப் போட்டுக்குங்க." வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீடு குடி போகிறார்கள். அவர் ஒருத்தர் திருப்தியானால் அந்தத் தெருவே ஜலீலுக்கு. கோபித்துக்கொண்டால் அந்தத் தெருவே கண்ணுசாமிக்கு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சந்தானம் சைக்கிளை எடுத்ததும் ஜலீல் மொபெட்டை எடுத்தார். முன்னால் போகிற சைக்கிளை மொபெட்டில் பின்தொடர்வது லேசான காரியம் இல்லை. மெதுவாகப் போனால் இஞ்சின் நிற்கிறது, முறுக்கினால் முந்திவிடுகிறது. ஆனாலும் விடவில்லை. சந்தானம் ஒரு கயிற்றுக் கிடங்கு வாசலில் இறங்கி, தேங்காய் நார் காய்வதையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரிடமும் பேசவில்லை. அப்புறம் ஊர் எல்லையில், புது ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற மதகுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டார். டிபன் பாக்ஸைத் திறந்தார். சாப்பாடு வாய்க்குப் போகிறது, கண் தண்ணீரிலேயே இருக்கிறது. மேட்டூர் திறந்து ஆறு நிறைய ஓடிய நேரம்.

வேறு யாரையும் காணோம், சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார் என்று ஜலீல் திரும்பிப் போக இருந்தபோது, எதிர்க்கரையிலிருந்து ஒருத்தன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மதகைத் தாண்டி வந்தான். காத்தான். கண்ணுசாமி பட்டறை வெல்டர். வந்தவன் சந்தானத்தின் பக்கத்திலேயே குந்தினான். என்னவோ சொன்னான். சந்தானம் சிரித்தார். ஒரு பீடி கை மாறியது.

ஜலீலுக்கு அதற்கு மேல் பார்க்க எதுவும் இல்லை.

சாயங்காலம் எல்லோரும் போனபின் பட்டறைக்குள் நின்றார். இடது கதவு வெல்டிங் முடிந்து சாக்கு போர்த்திச் சுவரில் சாய்ந்திருந்தது. தரையில் வலது கதவு சாக்பீஸ் கோடாகக் கிடந்தது. ரோட்டில் போகிற எவன் எட்டிப் பார்த்தாலும் தெரியும். காத்தான் எட்டிப் பார்த்தாலும் தெரியும். இடது முடிந்துவிட்டது, கேட் என்றால் இடதைத் திருப்பிப் போட்டால் வலது. இத்தனை வருஷத்தில் அவர் செய்த எல்லா கேட்டும் அப்படித்தான். பிறகு தரையில் படம் எதற்கு? ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளினார்.

மறுநாள் காலை சந்தானம் வந்து ஈரத் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"வலது பக்கம் எங்க பாய்?"

"அதான் இடது இருக்குல்ல சார். திருப்பிப் போட்டா ஆச்சு."

"இது திருப்பிப் போடுற கேட் இல்ல பாய். இடது வேற, வலது வேற. நீங்க படத்தைப் பாக்கவே இல்லையா?"

பார்க்கவில்லைதான். அதை ஒப்புக்கொள்ள ஜலீலுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு வந்தது: "நான் பாக்கறது இருக்கட்டும். நீங்க மதகுல காத்தான்கூட உக்காந்து எதைப் பாக்குறீங்க?"

சந்தானத்தின் முகம் மெல்ல மாறியது. "என் பின்னாடி வந்தீங்களா?"

"என் பட்டறை. என் ஆர்டர். எங்க போகுது எங்க வருதுன்னு நான் பாக்க வேணாமா?"

"அங்க போய் நான் பாக்கறது தண்ணி, பாய்."

"தண்ணிய எதுக்கு சார் பாக்கணும்? தண்ணி தண்ணி மாதிரிதானே இருக்கும்?"

சந்தானம் சைக்கிளைத் திருப்பினார். வாசலில் நின்று, "வேற ஆளப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜலீல் அசரவில்லை. இடது கதவின் சாக்கை எடுத்துவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி வரைந்தார். வரைந்து முடித்து, இடதைப் பக்கத்தில் கிடத்தினார். இரண்டு பக்கமிருந்தும் வளைவுகள் ஓடிவந்து நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. இத்தனை நாள் வெறும் வளைவு என்றிருந்தது, இப்போதுதான் ஓட்டம் என்று தெரிந்தது.

வெல்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ரெண்டு கிடா முட்டிக்கற மாதிரி இருக்கு பாய்."

"நீ வாய மூடுறியா?"

"மூடிக்கறேன். ஆனா கிடாதான்."

அன்று மத்தியானம் ஜலீல் மதகுக்குப் போனார். அந்த ஆள் எதையாவது அங்கே ஒளித்து வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதுதான் முதல் உத்தேசம். படிக்கட்டின் சந்துகளைப் பார்த்தார், மதகுச் சுவரின் பின்பக்கத்தைப் பார்த்தார். பாசியும் யாரோ விட்டுப்போன சோப்புத் துண்டும் இருந்தன. உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்தார். தண்ணீர் தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

"என்ன பாய், நீங்களுமா?"

காத்தான், அதே துண்டோடு நின்றான். ஜலீலுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "வாடா. உன்னத்தான் பாக்கணும். என் ஆளுகிட்ட என்ன வாங்குன?"

"நான் எங்க வாங்குனேன்? அவருதான் எங்கிட்ட பீடி வாங்குனாரு." காத்தான் குந்திக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான். "பாய், உங்களுக்காவது சொன்னாராய்யா? இங்க என்னதான் இருக்கு?"

"என்னது?"

"எங்க முதலாளி உசுர எடுக்கறாரு. அந்த ஆளு எதப் பாத்து வரையறாருன்னு பாத்துட்டு வாடான்னு தெனம் அனுப்புறாரு. நானும் குளிக்கற சாக்குல வந்து வந்து பாக்கறேன். எனக்கு ஜலதோஷம் புடிச்சதுதான் மிச்சம். கேட்டா, 'பாருங்க காத்தான், நல்லா இருக்குல்ல'ங்கறாரு. என்ன நல்லா இருக்கு? எங்க முதலாளிகிட்ட போய் நல்லா இருக்குன்னா சொல்ல முடியும்?"

"அப்ப அந்த மட்டை வரி?"

"அது மாட்டுன வீட்டு வாசல்ல நின்னு நாந்தான் பாத்துட்டு வந்தேன். இதுல என்ன இருக்கு?"

காத்தான் முங்கிவிட்டுத் தும்மிக்கொண்டே போய்விட்டான். ஜலீல் எழுந்திருக்கவில்லை. போய் என்ன செய்வது? பட்டறையில் முட்டிக்கொள்கிற கிடாக்கள் காத்திருக்கின்றன. நல்ல மனிதர் ஒருத்தரைத் துரத்தியாகிவிட்டது. அவர் மனம் அப்போதும் ஓய்வாக இல்லை. காத்தான் சொன்னது பொய்யாக இருக்குமோ என்று ஒரு பக்கம் குடைந்துகொண்டேதான் இருந்தது. குடைந்த மனதோடு, வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால், தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதகுப் பலகைக்கு அடியில் தண்ணீர் அழுத்திக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் விரிந்தது. அது இடது கதவு. அவருக்குச் சுருக்கென்றது. இடது கதவின் அடியில் நெருக்கமாக இருந்த பட்டைகள் மேலே போகப்போக ஏன் விலகின என்று அன்றுதான் தெரிந்தது. அப்படியானால் வலது? கண்ணை நகர்த்தினார். வாய்க்கால் பிரிகிற இடத்தில் தண்ணீர் இரண்டாகப் போயிற்று. அதில் ஒன்று சின்னது, அவசரமானது. பிரிகிற முனையில் தண்ணீருக்குள் ஏதோ கல் இருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் வந்த வழியே பின்னால் திரும்பி, ஒரு சுற்று சுற்றி, மறுபடி போயிற்று. போகிற தண்ணீர் பின்னாலும் போகும் என்று இத்தனை வயதுவரை அவருக்குத் தெரியாது. இதே மதகைத் தாண்டித்தான் பாதி நாள் இரும்பு ஏற்றிக்கொண்டு போகிறார்.

செங்கல் துண்டு ஒன்று கிடந்தது. மதகுச் சுவரில் கிறுக்கிப் பார்த்தார். கோணலாக வந்தது. மறுபடி கிறுக்கினார்.

பட்டறைக்கு வந்து கிடாவை அழித்துவிட்டு வரையத் தொடங்கினார். ஆமினா டீ கொண்டுவந்து வைத்தது ஆறிப்போயிற்று. "தொழுகைக்குக்கூட இவ்வளவு நேரம் குனிஞ்சிருக்க மாட்டீங்க" என்றாள். பிறகு சுற்றிவந்து பார்த்து, "கோடு நடுங்குது. ஆனா போகுது" என்றாள்.

வியாழக்கிழமை காலை சந்தானம் வந்தார். வேலைக்கு இல்லை. விட்டுப்போன டிராயிங் பெட்டியை எடுக்க. பெட்டியைக் கையில் எடுத்தவர் தரையைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு ஜலீலை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை ஜலீலுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

"யாரு வரைஞ்சு குடுத்தா? கண்ணுசாமி ஆளக் கூட்டிட்டு வந்தீங்களா?"

ஜலீலுக்குச் சுள்ளென்று வந்தது. "நான் வரைஞ்சேன்."

"நீங்களா? சாக்பீஸ் புடிச்சு நான் பாத்ததே இல்லையே."

"சார், அல்லா மேல ஆணையா நான்தான். ராத்திரி முழுக்க இடுப்பு வலி. இவளக் கேளுங்க."

"அவர்தான்" என்றாள் ஆமினா உள்ளிருந்தே. "நல்லா வந்திருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்."

சந்தானம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கோட்டின் மேல் விரலை ஓட்டாமல் காற்றிலேயே ஓட்டிக்கொண்டு போனார். பிரிகிற முனைக்கு வந்ததும் நின்றார். "இது நான் போட்டதுல இல்ல. இங்க பின்னால போகுதே."

"போகுது சார். நான் பாத்தேன். உள்ள கல்லு கிடக்கு."

"நான் அந்தப் பக்கம் உக்காந்தது இல்ல. வெயில்" என்றார் சந்தானம், தனக்குத்தானே சொல்வது போல.

ஜலீல் துடைப்பம் சாய்ந்திருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அழிச்சது தப்பு. பின்னாடி வந்ததும் தப்பு. காத்தான் எல்லாம் சொன்னான்."

"காத்தான் சொன்னதாலதான் நம்புனீங்க."

சந்தானம் பெட்டியைத் திறந்தார்; சாக்பீஸை எடுத்தார். நடுங்கிய கோடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு வந்தார். அந்தப் பின்சுழியை மட்டும் தொடவில்லை.

"வெல்டரக் கூப்பிடுங்க பாய். நாளைக்கு அவர் வரார்ல."

அந்தச் சுழிக்குப் பட்டை வளையவில்லை. வெல்டர் இரண்டு தடவை முறித்துவிட்டு, "இத எடுத்துருவோம் பாய்" என்றான். ஜலீல் அவனிடமிருந்து வாங்கி, உலையில் சிவக்கக் காய்ச்சி, தானே வளைத்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஜாஃபர் சாதிக் வந்தார். இரண்டு கதவுகளையும் சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். ரெட் ஆக்சைடு பூச்சு இன்னும் காயவில்லை. அவர் எட்டி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். பாராட்டு எதுவும் வரவில்லை.

"ரெண்டும் ஒரே மாதிரி இல்லையே காக்கா. தப்பா போட்டுட்டீங்களா?"

"இல்ல தம்பி. அது அப்படித்தான்."

"எந்த கேட்டலாக்?"

"கேட்டலாக்ல இல்ல."

"கேட்டலாக்ல இல்லாம எங்கேர்ந்து வரும்?" ஜாஃபர் சாதிக் கண்ணைச் சுருக்கி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடது கதவின் அடியில் விரலை வைத்து, பெயிண்ட் ஒட்டுவதையும் பார்க்காமல், வளைவோடு மேலே போனார். வலது கதவுக்குத் தாண்டினார். பிரிகிற முனையில் விரல் நின்றது.

"இது மட்டும் ஏன் பின்னால போகுது?"

சந்தானம் வாயைத் திறந்தார். அதற்குள் ஜலீல் சொல்லிவிட்டார்: "அந்த இடத்துல ஒரு கல்லு இருக்கு தம்பி."

"எங்க? காணோமே."

"தண்ணிக்குள்ள இருக்கு."

ஜாஃபர் சாதிக் அவரை நம்பாமல்தான் பார்த்தார். ஆனால் விரலை எடுக்கவில்லை. சுழியை ஒரு சுற்று சுற்றி, மறுபடி போகிற வழியில் ஓரம் வரை கொண்டுபோய் விட்டார். சிவந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வண்டி சொல்லுங்க காக்கா. இன்னிக்கே ஏத்திடுவோம்."