எண்ணூறு பேரில் ஒருத்தி

மாதத்தின் முதல் வாரம் வந்தாலே அந்தச் சட்டைத் தொழிற்சாலையின் நர்சுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. எண்ணூறு பெண்களும் முறைபோட்டு வந்து, சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் சிறுநீர் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சர்க்கரைச் சோதனை என்று அதற்குப் பெயர். ஆனால் நர்ஸ் அதில் நனைத்துப் பார்த்தது கர்ப்பத்தைக் காட்டும் பட்டை. இரண்டு கோடு விழுந்தால் அந்தப் பெண்ணின் வேலை அட்டை எண்ணைத் தனித்தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். அடுத்த மாதம், “ஆர்டர் குறைஞ்சுபோச்சும்மா” என்று அவளை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். ஊரறிந்த ரகசியம்தான், தையல்காரிகள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை.

கர்ப்பிணிகளுக்குச் சம்பளத்தோடு ஆறு மாத விடுப்பு என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகுதான் இந்தச் சோதனை வந்தது. சட்டம் அந்தச் சுமையை முதலாளி தலையில் வைத்தது. அவர் அதைத் தட்டிக்கழிக்க இந்த வழியைக் கண்டுபிடித்தார். “நான் சோதிச்சுச் சொல்றதோட சரி, அனுப்பறது அவங்க” என்று நர்ஸ் மூன்று வருடமாகத் தன் மனசைச் சமாதானப்படுத்தி வந்தாள். மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்த வேலை போனால் அடுத்தது எங்கே என்ற பயம் அவளுக்கு.

அன்று சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். நரைத்த தலையோடு ஓர் அம்மாள், அவர் பேசுவதை மொழிபெயர்க்க ஒரு பெண். மேனேஜர் இருவரையும் முதலில் நர்ஸ் அறைக்குத்தான் அழைத்து வந்தார். வெள்ளை விரிப்பும் ரத்த அழுத்தக் கருவியும் பளிச்சென்று இருந்தன. அந்த அம்மாள் சுவரில் இருந்த பதிவுத்தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

“கர்ப்பிணிகள்ங்கிற இடத்துல பூஜ்யம்னு போட்டிருக்கு. எண்ணூறு பேர்ல ஒருத்திகூடவா இல்லன்னு கேக்கறாங்க” என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

நர்ஸ் வாயெடுப்பதற்குள் மேனேஜர் சிரித்தார். “முக்காவாசிப் பேரு சின்னப் பொண்ணுங்க மேடம். இன்னும் கல்யாணமே ஆகல.”

நர்ஸ் குனிந்து, மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். அவர்கள் துணி வெட்டும் பகுதிக்கு நகர்ந்த பிறகுதான் அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

அது ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. நாலாவது வரிசையில் யாரோ அலறினார்கள். நர்ஸ் ஓடிப்போய்ப் பார்த்தால், காலர் தைக்கும் பெண் இயந்திரத்துக்கும் நாற்காலிக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஓயாமல் பேசுவதால் எல்லோரும் ‘ரேடியோ’ என்று கூப்பிடும் பெண் அவள். நர்ஸ் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. சட்டையைத் தளர்த்தியபோது, வயிற்றைச் சுற்றி இறுகக் கட்டியிருந்த துணி விரலில் தட்டுப்பட்டது.

பொத்தான் வரிசையில் தைக்கும் வயதான அக்கா பக்கத்தில் மண்டியிட்டாள். “ஏழு மாசம் சிஸ்டர்” என்றாள் மெல்ல. “மாசாமாசம் இவ கிண்ணத்துல இருந்தது என்னோடது. எனக்குத்தான் தீட்டெல்லாம் நின்னுபோச்சே.”

கட்டை அவிழ்த்துவிட்டு ரத்த அழுத்தம் பார்த்தாள் நர்ஸ். நூற்றெண்பதைத் தாண்டி நின்றது. ஆம்புலன்சுக்குச் சொல்லி முடிப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

“முன்வாசல் வழியா வேணாம் சிஸ்டர். அவங்க சாப்பிடப் போற வரைக்கும் உங்க ரூம்ல படுக்க வைங்க. அப்புறம் பின்பக்கமா நம்ம சரக்கு வண்டியில அனுப்பிடலாம்.”

“அதுவரைக்கும் தாங்காது சார். மறுபடி இழுத்தா ரெண்டு உசுரும் போயிடும்.”

“உங்க வேலையையும் யோசிச்சுக்கங்க.”

நர்சுக்கு மகள் முகம் வந்து போனது. ஆனாலும், “அக்கா, அந்தப் பக்கம் பிடிங்க” என்றாள்.

நாலு பெண்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்க, வெட்டும் மேசைகளைக் கடந்து முன்வாசலுக்கே போனார்கள். அந்த அம்மாள் வழியிலேயே நின்றிருந்தார். “என்னாச்சுன்னு கேக்கறாங்க” என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

“காலைல சாப்பிடாம வந்திருக்கா, மயக்கம்” என்றார் மேனேஜர்.

“இல்ல” என்றாள் நர்ஸ். “ஏழு மாசம். நான் கண்டுபிடிச்சா வேலை போயிடும்னு மறைச்சிருக்கா. நீங்க பார்த்த பூஜ்யத்தை எழுதினது நான்தான்.”

மேனேஜர் முகம் சுருங்கியது. “நானும் புள்ளகுட்டிக்காரன்தான்” என்றார் உடைந்த குரலில். “வருஷா வருஷம் விலையைக் குறைன்னு நெருக்கறது இவங்கதானே. அதையும் சொல்லும்மா.” மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கிவிட்டு அதையும் சொன்னாள். அந்த அம்மாள் ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கே அறுவைசிகிச்சை செய்தார்கள். பெண் குழந்தை, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பத்து நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். தாய் மூன்றாம் நாள் கண்விழித்தாள்.

“தலைவலி, கால்வீக்கம்னு அப்பவே வந்திருந்தா ரத்தக் கொதிப்பை மாத்திரையிலயே அடக்கியிருக்கலாமே. என்கிட்ட ஏன்மா சொல்லல?” என்று கேட்டாள் நர்ஸ்.

அவள் நர்ஸ் பக்கம் தலையைத் திருப்பினாள். “உங்ககிட்டயா சிஸ்டர்? உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே கட்டிக்கிட்டேன்.”

நர்சுக்கு வேலை போயிருந்தது. அது அப்போது வலிக்கவில்லை, இந்த வார்த்தை வலித்தது. பத்தாம் நாள் குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்ன பிறகு, அவள் நேராகத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் போய், அப்படி வேலையிலிருந்து அனுப்பப்பட்ட முப்பத்தொரு பெண்களின் எண்களையும் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தாள்.

“இதுல உங்க பேரும் மாட்டும், தெரியுமா?” என்றார் அதிகாரி.

“மாட்டட்டும் சார். வெளிநாட்டுக் கம்பெனி விலையைக் குறைக்குது, முதலாளி ஆளைக் குறைக்கறாரு, அரசாங்கம் சட்டம் போட்டதோட போயிடுது. எல்லாரும் தள்ளிவிட்ட பாரம் கடைசியில ஒரு பொண்ணோட வயித்துல வந்து இறங்குது. நான் அதுக்குப் பட்டியல் எழுதினேன். ‘நான் மாசமா இருக்கேன்’னு ஒரு பொம்பள பயமில்லாம சொல்ல முடியலேன்னா, அந்த இடத்துல எந்தச் சட்டமும் சட்டமில்ல சார்” என்றபடி அவள் கையெழுத்துப் போட்டாள்.