பரணில் இருந்த விளாங்கட்டை

அப்பாவின் கோடாலிக் காம்பு ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலையில் முறிந்தது. சாயப்பட்டறையின் பின்பக்கம், சாயம் காய்ச்சும் கொப்பரைக்காக அவர் புளியங்கட்டை ஒன்றைப் பிளந்துகொண்டிருந்தார். பிளந்த விறகை நான் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். காம்பு பாதியில் ஒடிந்து, இரும்பு மட்டும் கட்டைக்குள் நின்றது. கையில் மிச்சமிருந்த துண்டை அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"போனா போவுது. பரண்ல விளாங்கட்டை இருக்குது. ரெண்டு வருஷமா காயுது. சாயங்காலமே செதுக்கிடலாம்."

நான் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தேன். பரணில் அந்தக் கட்டை இல்லை. அதைப் போன ஐப்பசியில் நான் எரித்துவிட்டிருந்தேன்.

அம்மா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம் அது. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். ஐந்து நாள் விடாத மழை. கேஸ் தீர்ந்துபோயிருந்தது. ஓரிக்கையில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர். அடுப்பில் வைத்த விறகெல்லாம் புகைந்ததே தவிர எரியவில்லை. பரணைத் துழாவியபோது இரண்டு முனையிலும் சாணி பூசிய ஒரு கட்டை கையில் பட்டது. ஏதோ பழைய கட்டை என்று நினைத்தேன். நின்று நிதானமாக எரிந்தது. அம்மா உடம்பு துடைத்துக்கொள்ள இரண்டு அண்டா வெந்நீர் காய்ந்தது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

முனை வெடிக்காமல் இருக்கத்தான் சாணி பூசுவார்கள், அது காம்புக்காகக் காயவைத்த கட்டை என்பது பங்குனியில் அப்பா யாரிடமோ பெருமையாகச் சொன்னபோதுதான் தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். அப்பா திட்டுகிறவரும் இல்லை. ஆனாலும் எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் தள்ளிப்போனால் அடுத்த நாள் இன்னும் கஷ்டமாகிவிடுகிறது.

அன்று சாயங்காலம் அப்பா பரணிலிருந்து பாய், பழைய குடம், உடைந்த டேபிள் ஃபேன் எல்லாவற்றையும் இறக்கினார்.

"எலி கொண்டு போயிருக்குமோ?" என்றாள் அம்மா.

"மூணு அடிக் கட்டைய எலி தூக்கிக்கினு போவுமா, பெரியநாயகி?"

நான் குடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு மரம் தேடப் புறப்பட்டார். முதலில் தென்னேரி. ஏரிக்கரையில் கருவேலம் வெட்டிப் போட்டிருந்தார்கள். நல்ல ஜாதி, வைரம் பாய்ந்தது. அப்பா ஒரு துண்டை எடுத்து வெட்டுவாயைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "சில்லுனு இருக்குது. பச்சை. நெழல்ல ஒரு வருஷம் கெடக்கணும்." மர டிப்போவில் காய்ந்த தேக்கு இருந்தது. "ஜன்னலுக்கு ஆவும். அடிக்குத் தாங்காது. பொளந்துக்கும்." கடைத்தெருவில் வார்னிஷ் அடித்த ரெடிமேட் காம்புகள் கட்டுக்கட்டாக நின்றன. அப்பா ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். கடைக்காரர் முகம் சுளித்தார்.

"அண்ணே, எல்லாரும் இதத்தான் வாங்கிக்கினு போறாங்க."

"உள்ள ஈரமா இருக்குதுபா. கொப்பரை அனல் பக்கத்துல நின்னா நாலு நாள்ல சுருங்கும். ஆப்பு தளரும். இரும்பு கழண்டு பறக்கும். எதிர்ல என் பொண்ணு நிக்கிது."

அவர் அப்படிச் சொன்னதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வலது தோளை அடிக்கடி உருட்டிக்கொண்டார். வீடு வந்துவிட்டது.

சனிக்கிழமை பட்டறை முதலாளி வேணுகோபால் வந்து விறகு அடுக்கைப் பார்த்தார். "கோதண்டம், முகூர்த்த மாசம். கொப்பரை அணையக் கூடாது. திங்கக்கிழமைக்குள்ள பொளந்து குடுத்துடு. இல்லன்னா ரெடியா பொளந்த விறகு லாரியில எறக்கிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படாத."

அவர் போன கொஞ்ச நேரத்தில் தினகரன் மாமா வந்தார். அப்பாவும் அவரும் பத்து வருஷமாகச் சேர்ந்து மரம் அறுப்பவர்கள். இழுப்பு ரம்பத்தின் ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அவர். ஒரு சாவுக்காக மூன்று நாள் வாலாஜாபாத் போயிருந்தவர், ஊர் திரும்பியதும் வீட்டிலிருந்து கோடாலியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார். கோடாலியில் புதுக் காம்பு. மஞ்சள் நிறத்தில், எண்ணெய் போட்டு மினுமினுவென்று இருந்தது.

அப்பா அதைக் கையில் வாங்கினார். காம்பின் நீளத்துக்கும் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. மாகறலில் புயலில் சாய்ந்த, இப்படிக் கோடு ஓடிய விளாமரத்தின் ஒரே கவட்டையை இருவரும் ஆளுக்குப் பாதியாக எடுத்து வந்ததை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"இது ஏது தினா?"

"இன்னா அண்ணே கேக்கற? நம்ப விளாதான்."

"உன் கட்டை வெடிச்சிப் போச்சுன்னு சொன்னியே."

"வெடிச்சுது."

"அப்ப இது?"

மாமாவின் முகம் மாறியது. "சுத்தி வளைக்காத. கேக்கறத நேரா கேளு."

"என் பரண்ல இருந்த கட்டைய காணம். எங்க ஊட்டுக்குள்ள கேக்காம வந்து போறவன் நீ ஒருத்தன்தான்."

கொப்பரையில் பட்டுநூலை முக்கிக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா, "கோடாலிய நீயே வெச்சிக்க," என்று சொல்லிவிட்டு, சிவப்புச் சாயத் தண்ணீர் ஓடும் சாக்கடையைத் தாண்டிப் போய்விட்டார்.

அப்பா அந்தக் கோடாலியை ஓங்கினார். பாதியிலேயே இறக்கினார்.

"பத்து வருஷம்மா," என்றார் என்னைப் பார்த்து. "ஒரே ரம்பத்தப் புடிச்சவன்."

"நான் எரிச்சிட்டேன்பா."

"இன்னாது?"

"விளாங்கட்டைய. அம்மாவுக்கு வெந்நி வெச்சப்போ. எனக்குத் தெரியாதுப்பா."

அப்பா புளியங்கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "வியாழக்கிழமையே சொல்லியிருந்தா..." என்றார். எழுந்து, "கோடாலிய எட்த்துக்கினு வா," என்று முன்னால் நடந்தார்.

மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரேணுகாம்பாள் அக்கா கரண்டியோடு நின்றாள். யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான்தான் சொல்லியாக வேண்டும் என்று புரிந்தது.

"மாமா, எங்க ஊட்டுக் கட்டைய நான்தான் எரிச்சேன். வியாழக்கிழமையே சொல்லியிருக்கணும்."

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"எத்தினி அண்டா காஞ்சுது?"

"ரெண்டு."

"ரெண்டு அண்டா! கேட்டியா ரேணுகா? நம்ப காஞ்சிபுரத்துலயே ஒசத்தியான வெந்நி பெரியநாயகி அக்காதான் ஊத்திக்கினு இருக்குது."

அக்கா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

மாமா கையைக் கழுவிவிட்டு என்னிடமிருந்து கோடாலியை வாங்கி, கதவோரம் நிறுத்தி, அப்பா பக்கம் திரும்பினார். "பாரு. ஒரு சாண் கொறைச்சல். வெடிச்ச முனைய அறுத்துத் தள்ளிட்டு மிச்சத்துல செஞ்சேன். உன்னுது முழுக் கட்டை. அளந்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு வாயத் தொறக்க மூணு நாள் ஆச்சு. என்மேல சந்தேகப்பட உனக்கு எவ்ளோ நேரம் ஆச்சு, கோதண்டம்?"

அதுவரை அவர் அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தப்புதான்," என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாமா பட்டறைக்கு வந்தார். அந்த ஒரே கோடாலியை இருவரும் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். ஒருவர் பிளக்கும்போது மற்றவர் உட்கார்ந்திருப்பார். காம்பு குட்டையாக இருந்ததால் இருவருமே அதிகமாகக் குனிய வேண்டியிருந்தது. திங்கட்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் விறகு பிளந்து முடிந்தது. லாரி வரவில்லை.

அடுத்த வாரம் மாகறலில் ஒரு விளாமரத்தில் கிளை கழிக்கிறார்கள் என்று மாமாதான் தகவல் சொன்னார். கணு இல்லாத, நேரான கிளையாகப் பார்த்து அப்பா இரண்டு கட்டை எடுத்து வந்தார். இரண்டுக்கும் முனையில் சாணி பூசினார். என்னைக் கூப்பிட்டு, பட்டையைச் சீவிய இடத்தில் தேதி எழுதச் சொன்னார். நான் பேனாவால் அழுத்தி எழுதினேன். ஒன்றில் அப்பா பெயர், இன்னொன்றில் மாமா பெயர். இரண்டும் இப்போது எங்கள் பரணில்தான் இருக்கின்றன.

இப்போது ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டது. விறகு இன்றைக்கும் புகைகிறது. நான் பரண் பக்கம் போவதில்லை. பட்டறையில் இன்னும் அந்த ஒரே கோடாலிதான். வேலை இரண்டு மடங்கு நேரம் இழுக்கிறது, அப்பாவின் தோள் வீங்கியிருக்கிறது. டீ வந்தால் மாமா தன் டம்ளரை எடுத்துக்கொண்டு கொப்பரைப் பக்கம் போய் நின்று குடிக்கிறார். அப்பா கட்டை மேலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் விறகு அடுக்குகிறேன். கட்டை காய இன்னும் பத்து மாதம் இருக்கிறது.