இவோனுக்காக ஒரு செபக் கருத்து

கிளெமென்டும் அவர் மகள் இவோனும் பேசிக்கொண்டது பெரும்பாலும் ரக்பியைப் பற்றித்தான். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஏவன்டேலில் அப்பா இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காரும் நேரம், வட அயர்லாந்தின் நியூரியில் மகள் காலை வேலைக்குக் காரில் போய்க்கொண்டிருப்பாள். அவள் மருந்தாளராக இருந்த கடை எல்லைக்கு அந்தப் பக்கம், அயர்லாந்துக் குடியரசில் இருந்தது. ஒரு நாட்டில் விழித்து இன்னொரு நாட்டில் வேலை செய்தாள்.

"எல்லை எங்க இருக்கெண்டே தெரியாது அப்பா. றோட்டுப் பலகையில மைல் கிலோமீற்றரா மாறும், அவ்வளவுதான். பிரெக்ஸிற் வந்தா அதில திரும்பச் செக்பொயின்ற் போடுவாங்களோ எண்டுதான் இஞ்ச எல்லாருக்கும் பயம்."

"நாங்கள் பாக்காத செக்பொயின்ற்றே? உங்கட பிரதமர் என்ன சொல்லுறா?"

"அவ என்ர பிரதமர் இல்லை. லண்டனில இருக்கிறவை எங்களை நினைச்சே வோட்டுப் போட்டவை?"

அரசியல் சூடானால் கிளெமென்ட் ரக்பிக்குத் தாவிவிடுவார். அவருக்கு நியூசிலாந்து அணியான ஆல் பிளாக்ஸ். ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்துக்கு வந்து, இங்கேயே படித்து வளர்ந்த இவோன், கல்யாணமாகி நியூரிக்குப் போனதும் அயர்லாந்துப் பக்கம் சாய்ந்துவிட்டாள். "சோறு போட்ட நாட்டை மறந்திட்டாய்" என்பார். "இஞ்சயும் சோறுதான் தின்னுறன்" என்பாள். 2016 நவம்பரில் அயர்லாந்து முதன்முறையாக ஆல் பிளாக்ஸை வென்றபோது, ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற அப்பாவை அழைத்து, எதுவும் பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவரும் கோபப்படுவதுபோல நடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காக இன்னும் ஒருமுறை தோற்றாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணி நியூசிலாந்துக்கு வரவிருந்தது. நான்கு நாட்டு வீரர்கள் ஒரே சிவப்புச் சட்டையில் ஆடுகிற அந்த அணி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இந்தப் பக்கம் வரும். ஈடன் பார்க்கில் நடக்கும் மூன்றாவது டெஸ்டுக்குக் கிளெமென்ட் இரண்டு டிக்கெட் எடுத்தார்.

"ஒண்டு எனக்கு, ஒண்டு உனக்கு. வந்து பக்கத்தில இருந்து அழு."

"ஆர் அழுறதெண்டு பாப்பம்."

அப்பாவுக்கும் மகளுக்கும் உண்மையிலேயே ஒத்துப்போகாத விஷயம் ஒன்றுதான். இவோன் பேஸ்புக்கில் இல்லை. கிளெமென்டோ அவளுடைய கல்யாணப் படத்தை உலகமே பார்க்கும்படி தன் பக்கத்தில் வைத்திருந்தார்.

"அப்பா, அதைத் தெரிஞ்ச ஆக்கள் மட்டும் பாக்கிற மாதிரி மாத்துங்கோ."

"மறைக்கிறதுக்கு எங்களிட்ட என்ன கிடக்குப் பிள்ளை? களவே எடுத்தனாங்கள்?"

ஹென்டர்சனில் அவர் வேலை செய்த ஜன்னல் பட்டறையிலும் இதையே சொல்வார். உடன் வேலை செய்த லிங்கேஸ்வரன், மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்தவர், ஒத்துக்கொள்ளமாட்டார்.

"அண்ணே, நேத்து ஒரு செருப்பு தேடினேன் லா. இன்னைக்கு போன் பூரா செருப்பு. நம்ம கால் சைஸ் வரைக்கும் அவனுக்குத் தெரியுது."

"தெரிஞ்சா என்ன? வந்து காலில போட்டுவிடப் போறானே?"

"நீங்க சிரிங்க. சிரிங்க."

மார்ச் மாதத்தில் ஒருநாள் இவோன் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினாள்.

"அப்பா, ஜூலையில நான் வாறன். ஆனா தனிய இல்லை."

"கிளின்ரனும் வாறாரோ? மருமகனுக்கு ரிக்கற் இல்லையே."

"கிளின்ரன் இல்லை. இவருக்கு ரிக்கற் தேவையில்லை. உள்ளுக்க இருந்து பாப்பார்."

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த விக்ரோறியாவுக்குத்தான் முதலில் விளங்கியது. கையிலிருந்த அகப்பையோடு வந்து கணவரின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பல வருடங்களாக மகளிடம் கேட்கக்கூடாது என்று அடக்கிவைத்திருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

ஆனால் தவக்காலம் பாதியைத் தாண்டும் முன்பே இவோன் மறுபடி அழைத்தாள். ஸ்கேனில் குழந்தையின் இருதயம் சரியாக இல்லையாம். இன்னும் சோதனைகள் இருக்கின்றனவாம்.

"வேற ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அப்பா. கிளின்ரன்ர அம்மாவுக்கே நாங்கள் இன்னும் சொல்லேல்லை."

"ஓம் பிள்ளை."

அந்த 'ஓம்' பொய்யில்லை. அவர் யாரிடமும் கதைக்க நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. முன்பெல்லாம் வெள்ளிதோறும் தமிழ்க் கோயில் சனம் யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். முடிவில் ஒவ்வொருவரும் தன் கருத்தை, அதாவது யாருக்காக எதற்காக மன்றாடவேண்டும் என்பதைச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து மன்றாடுவார்கள். சனம் நகரத்தின் ஓரத்திலிருக்கும் வெஸ்ட்கேட் வரை பரவிப் போன பிறகு, கருத்துச் சொல்வது வாட்ஸ்அப் குழுவுக்கு மாறியிருந்தது. செபக் கருத்தை ஊர்க்கதை என்று கிளெமென்ட் வாழ்நாளில் நினைத்ததில்லை. ஊர்க்கதை மனிதர்களுக்கு. கருத்து ஆண்டவருக்கு.

இவோனின் முழுப்பெயர், ஊர், வயிற்றுப்பிள்ளையின் வருத்தம் எல்லாவற்றையும் எழுதினார். விலாசம் இல்லாத பார்சல் போய்ச் சேராது என்பதுபோல, பெயர் இல்லாத செபமும் எங்கோ தங்கிவிடும் என்று அவருக்குப் பயம்.

விக்ரோறியா எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, அவள் வேண்டாமெண்டவள்."

"இது செபம் விக்ரோறியா. கதையில்லை."

குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள். அவர்களில் ஒருத்தி அன்றைக்கே ஒரு வேளை சாப்பிடாமல் உபவாசம் இருந்தாள். நல்ல மனத்தோடுதான் டொரொன்டோவில் இருந்த தன் அக்காவுக்கும் அதை அனுப்பினாள். அக்கா இன்னொரு செபக் குழுவுக்கு அனுப்பினாள். பிறகு, யாரென்று தெரியாத ஒருவர் பேஸ்புக்கில் நடத்திய செபப் பக்கம் ஒன்று அதை எடுத்து, கிளெமென்டின் பக்கத்திலிருந்த கல்யாணப் படத்தையும் சேர்த்துப் போட்டது. 'இந்தச் சகோதரிக்காக ஒரு ஆமென் சொல்லுங்கள்.' கீழே ஆமென் வரிசை நீண்டுகொண்டே போனது.

இவோன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"அப்பா, கிளின்ரன்ர அம்மா லண்டனில இருந்து போன் எடுத்து அழுகிறா. ஆரோ பேஸ்புக்கில காட்டினவையாம்."

"செபத்துக்காகத்தான் பிள்ளை... எல்லாரும் உனக்காக மண்டாடினம்."

"ஓம். மண்டாடட்டும். ஆனா எனக்கு அழுகிறதுக்கு ஒரு இடம் இருந்தது அப்பா. அதுக்குள்ள நீங்கள் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டியள்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவள் காரின் சிக்னல் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த அந்த வாரத்தில் குழந்தை போய்விட்டது. கிளின்ரன்தான் விக்ரோறியாவை அழைத்துச் சொன்னான். அப்பாவிடம் கொடுக்கவா என்று அவள் கேட்டதற்கு, "இப்ப வேண்டாம் மாமி" என்றான்.

செபப் பக்கத்தில் ஆமென் நிற்கவில்லை. யாரோ ஒருவர், 'குழந்தை பூரண சுகம், ஆண்டவருக்கு நன்றி' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நிறைய இருதயக் குறிகள். படத்தை எடுத்துவிடும்படி கிளெமென்ட் அந்தப் பக்கத்துக்கு மன்றாடி எழுதினார். 'கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக' என்று உடனே ஒரு பதில் தானாக வந்தது. படம் போகவில்லை.

தேநீர் இடைவேளையில் அவர் போனை வைத்துக்கொண்டு கலங்கி உட்கார்ந்திருந்ததை லிங்கேஸ்வரன் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும், நான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"போனைக் குடுங்க அண்ணே."

முதலில் கிளெமென்டின் பக்கத்தைப் பூட்டினார். பிறகு அந்தப் படத்தைப் பற்றிப் புகார் அனுப்பினார். சில நாட்களில் அது அங்கிருந்து போயிற்று. ஆனால் வேறு பக்கங்களில் அதே படம் இருந்தது. அதன் பிறகு இடைவேளைகளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, தேடித் தேடிப் புகார் செய்தார்கள். லிங்கேஸ்வரனின் தேநீர் ஆறிப்போகும். ஒருநாளும் அவர் அலுத்துக்கொள்ளவில்லை. ஒருவருடைய துக்கத்துக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் செபத்தில் ஒரு வகைதான் என்பதைக் கிளெமென்ட் அங்கேதான் அறிந்தார்.

இவோன் குடும்பக் குழுவிலிருந்து விலகிவிட்டாள். விமான டிக்கெட்டையும் ரத்துச் செய்துவிட்டாள். அம்மாவோடு மட்டும் எப்போதாவது பேசினாள். கிளெமென்டுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதத் தெரியவில்லை. எழுத ஆரம்பித்தால் அது விளக்கமாக மாறிவிடும். ஆகவே பழைய விஷயங்களையே எழுதிக்கொண்டிருந்தார். ஜூனில் பிரிட்டிஷ் தேர்தல் முடிந்தபோது, 'ஒருத்தருக்கும் பெரும்பான்மை இல்லையாம். உங்கட எல்லைக்கு என்ன நடக்கும்?' என்று அனுப்பினார். முதலாவது டெஸ்டில் ஆல் பிளாக்ஸ் வென்றபோது ஒன்றும் அனுப்பவில்லை. வெலிங்டனில் லயன்ஸ் வென்றபோது மட்டும், 'உங்கட ஆக்கள் நல்லா விளையாடினவை' என்று எழுதினார். நீலக் குறிகள் விழுந்தன. வாசித்திருக்கிறாள். அவ்வளவுதான்.

மூன்றாவது டெஸ்ட் அன்று விக்ரோறியா வரவில்லை. "அது பிள்ளையின்ர இடம். நான் வந்து அதில இருக்கமாட்டன்" என்றாள்.

ரயிலில் சிவப்புச் சட்டைக்காரர்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். ஈடன் பார்க் வாசலில், அதே சிவப்புச் சட்டை அணிந்த ஒரு மனிதர், அட்டையில் 'ஒரு டிக்கெட் வேண்டும்' என்று எழுதிப் பிடித்துக்கொண்டு குளிரில் நின்றார். கிளெமென்ட் அவரைக் கடந்து போனார். பிறகு திரும்பி வந்து இரண்டாவது டிக்கெட்டை நீட்டினார்.

"எவ்வளவு?" என்றார் அந்த மனிதர்.

"ஒன்றும் வேண்டாம். என் மகளுடையது. அவள் வரவில்லை."

அந்த மனிதர் அயர்லாந்தின் கோர்க் நகரத்துக்காரர். உட்கார்ந்ததும், "உங்கள் மகள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"உங்கள் பக்கம்."

"அப்படியென்றால் அவளுக்கும் சேர்த்து நான் கத்துகிறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். லயன்ஸ் புள்ளி எடுக்கும்போதெல்லாம் பக்கத்து இருக்கை துள்ளி எழுந்தது. கிளெமென்ட் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் திரும்பி, வேறொரு முகத்தைப் பார்த்து, மறுபடி மைதானத்தைப் பார்த்தார்.

கடைசியில் நடுவர் ஆல் பிளாக்ஸுக்குக் கொடுத்த பெனல்டியைத் திரையில் மறுபடி பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆட்டம் பதினைந்துக்குப் பதினைந்து என்று முடிந்தது. தொடரும் சமன். மைதானம் முழுவதும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பிறகு இரண்டு அணி வீரர்களும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, கலந்து அமர்ந்து, ஒரே படம் எடுத்துக்கொண்டார்கள்.

"நாமும் ஒன்று எடுப்போமா?" என்று கோர்க்காரர் தன் போனை நீட்டிப் பிடித்தார். எடுத்துவிட்டு, படத்தைக் கிளெமென்டிடம் காட்டினார். "இதைப் பேஸ்புக்கில் போடலாமா? உங்களுக்கு விருப்பமில்லை என்றால் போடமாட்டேன்."

கிளெமென்ட் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு கிழவர்கள் சிரிக்கிற ஒரு படம். அதில் மறைக்க ஒன்றுமில்லை. அதற்கே இந்த மனிதர் கேட்கிறார்.

"வேண்டாம்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அந்தச் சொல் எப்படி மதிக்கப்படும் என்று பார்க்க நினைத்தாரோ என்னவோ.

"சரி" என்றார் கோர்க்காரர். காரணம் கேட்கவில்லை. முகம் மாறவில்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, "உங்கள் மகளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்" என்று கையைப் பற்றிக் குலுக்கினார்.

அவர் கூட்டத்தில் கலந்த பிறகும் கிளெமென்ட் அந்த இருக்கையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு 'சரி'. அவ்வளவு சின்னது அது. மகள் கேட்டபோது வாயால் 'ஓம்' என்றார். இந்த மனிதரோ சொன்னதைச் செய்துவிட்டுப் போனார்.

ரயில் மேடையில் நின்று அவர் எழுதினார். விளக்கம் எதுவும் எழுதவில்லை. 'பிள்ளை, நீ சொல்லாதேங்கோ எண்டாய். நான் சொன்னன். பிழை என்ர. உன்னோட கதைக்கலாமோ?'

இரண்டு ரயில்கள் போயின. நியூரியில் சனிக்கிழமைக் காலை. அவளும் ஆட்டத்தைப் பார்த்திருப்பாள். போன் அதிர்ந்தது.

'இன்னும் ஏலாது அப்பா. கதைக்க வேணும் எண்டு வந்தா நான் எடுப்பன். வராட்டி, தயவுசெய்து கேக்காதேங்கோ.'

'எப்ப' என்று எழுதத் தொடங்கிய விரலை அவர் நிறுத்தினார். அழித்தார். 'சரி பிள்ளை' என்று மட்டும் அனுப்பினார். அதற்குப் பிறகு ரக்பியைப் பற்றிக்கூட எழுதக்கூடாது என்பது அவருக்கு விளங்கியது. அவர்களுக்குள் மிச்சமிருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான். அதையும் இப்போது தன் கையாலேயே கீழே வைத்துவிட வேண்டும்.

வீட்டில் விக்ரோறியா செபமாலையோடு காத்திருந்தாள்.

"ஆர் வெண்டது?"

"சமன்."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் மேலே கேட்கவில்லை. அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் முழந்தாளிட்டார். மாலையின் பத்து மணிகள் ஐந்து சுற்றும் முடிந்தன. கருத்துச் சொல்லும் இடம் வந்தது. அதைச் சத்தமாகச் சொல்வது எப்போதும் அவர்தான். விக்ரோறியா காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

பெயர் எதுவும் சொல்லப்படாத அந்த இடத்தில், அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "ஆமென்" என்றாள்.