தவுக்கேக்கு வைக்காத பலகை

2024 ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். தவுக்கேயின் தொட்டிமேல் பலகையை வைக்காமல் வேலைக்குப் போய்விட்டேன். வேலைக்குப் பின் மாலைக் கணக்கியல் வகுப்பும் முடிந்து, பாயா ரும்புட் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இதை எழுதுகிறேன்.

தவுக்கே அண்ணனுடைய ஆமை. தண்ணீரிலேயே வாழும் வகை, கையகலம் இருக்கும். கல்லின்மேல் ஏறிக் கழுத்தை நீட்டினால் கல்லாவில் உட்கார்ந்த முதலாளி மாதிரி இருக்கிறது என்று அண்ணன் அந்தப் பெயரை வைத்தான். மற்ற நாட்களில் அது கூடத்து ஜன்னலோரம் இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும், அம்மா விளக்கேற்றும் முன், தொட்டியை வெளியே கார் நிற்கும் இடத்துக்குத் தூக்கிப் போக வேண்டும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார் அம்மா. அதை இத்தனை நாள் வைத்திருப்பதே பெரிது என்பதால் நான் வாதாடுவதில்லை.

வெளியே நடுப்பகலில் வெயில் நேராக விழும். பாதித் தொட்டியைப் பலகையால் மூடிவிட்டுத்தான் கிளினிக்குக்குக் கிளம்புவேன். இன்று ஆடி கடைசி வெள்ளி. அம்மாவுக்குக் கூழ்ப்பானையை இறக்கிக் கொடுத்துவிட்டு ஓடியதில் மறந்துவிட்டேன். வகுப்பில் தேய்மானக் கணக்குப் போடும்போதுதான் நினைவு வந்தது. அப்போது வெயிலே இல்லை. அம்மா வீட்டில்தான் இருந்தார், பார்த்திருப்பார். இனி பலகையை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் தொட்டியைத் தூக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17, சனி

தவுக்கே செத்துவிட்டது. நேற்று ‘சிறு தவறு’ என்று எழுதியதை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

நேற்று வீடு திரும்பியபோது கழுத்து வெளியே நீண்டு கிடந்தது. தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்கவில்லை. தொட்டித் தண்ணீர் அப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றினேன். மெல்ல மெல்லக் குளிர வைத்திருக்க வேண்டுமோ என்னவோ. காலையில் கால்கள் விறைத்திருந்தன.

“பகல்ல பார்த்தீங்களாம்மா?”

“பார்த்தேன். சுத்திச் சுத்தி நீந்திச்சு. தொட்டியப் பிராண்டிச்சு. ஒங்கண்ணன் இருந்தப்பவும் அப்படித்தான சேட்ட பண்ணும். வெளையாடுதுன்னு நெனச்சேன்.”

“பலகய எடுத்து வச்சிருக்கலாம்ல.”

“தல குளிச்சிட்டு, அம்மனுக்குக் கூழ் வச்சிட்டு, அதப் போயி எப்படித் தொடுறது?”

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. பலகையை மறந்தது நான்.

பின்பக்கம் பண்டான் செடியோரம் குழி தோண்டினேன். அம்மா கதவோரம் நின்றிருந்தார். மண்ணைத் தள்ளப் போனபோது, “தலய தெக்க வையி” என்றார். திருப்பி வைத்தேன்.

நாளை ஞாயிறு. அண்ணன் கூப்பிடும் நாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவன் தர்மினி அண்ணியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஜொகூருக்குப் போனான். அவர்கள் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்துவக் குடும்பம். கல்யாணத்துக்கு அம்மா போகவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஜொகூரில் அவன் எடுத்தது வாடகை அறை என்பதால் தவுக்கே இங்கேயே தங்கிவிட்டது. ஞாயிறுதோறும் வீடியோவில் வந்து, “தவுக்கேயக் காட்டு” என்பான். அது கங்கோங் கீரை தின்பதைப் பார்த்துக்கொண்டே, “வீட்ல பிரஷர் மாத்திர இருக்கா?” என்று என்னிடம் கேட்பான். அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, போனில் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து துணி மடிப்பார். மடித்த துணியையே உதறி மறுபடி மடிப்பார்.

மாலையில் அம்மா கேட்டார்: “பாசார் மாலாம் சந்தைல இதே மாதிரி விக்கிறாங்கல்ல. ஒன்னு வாங்கி வச்சிரேன். போன்ல தெரியாதுலா.”

“ஓட்டுல எடது பக்கம் ஒரு வெட்டு இருக்கும்மா. அண்ணன் அதத்தான் மொதல்ல பார்ப்பான்.”

“வெட்டு இருக்கிற மாதிரியே...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். இந்த ஆமையை ஒருநாளும் தொடாதவர்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அண்ணன் கூப்பிட்டான். “எங்கலா தவுக்கே? லீவு போட்டுட்டாரா?” என்று சிரித்தான்.

நான் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று காலையிலேயே யோசித்து வைத்திருந்தேன். அந்த வரிசையில் வரவில்லை. அவன் பின்னால் குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

“எப்ப?”

“வெள்ளிக்கிழம.”

“வெள்ளிக்கிழம. வெளிய வச்சிருப்பீங்க.”

“பலகய நாந்தான் மறந்துட்டேண்ணே.”

“நீ மறந்துட்ட, சரி. வீட்ல வேற ஆளே இல்லையா?”

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை துண்டின்மேல் நின்றுவிட்டது.

“ஒரு ஆம உள்ள இருந்தா யாருக்கு என்ன கெட்டுப்போவுது?” அவன் குரலை உயர்த்தவே இல்லை. “சரி திலகா. இனிமே ஞாயித்துக்கிழம... பார்ப்போம். வேல நெறைய இருக்கு.”

நான் போனை மேசைமேல் வைத்தேன். அம்மா எழுந்தார். கண்ணாடிகூடப் போடாமல், முடியை ஒதுக்கிக்கொண்டு வந்து, இரண்டு வருடத்தில் முதல்முறையாக, போனுக்கு நேராக உட்கார்ந்தார்.

“புவனு” என்றார்.

திரையில் அண்ணனின் முகம் இருந்தது. அவன் தவுக்கேயை உள்ளங்கையில் ஏந்திச் சிரிக்கும் படம். அவன் பெயருக்கு மேலே எப்போதும் இருக்கும் படம்.

“நான் பார்த்தேன்டா. பார்த்துட்டுத்தான் இருந்தேன். வெளையாடுதுன்னு நெனச்சிட்டேன். தெரிஞ்சிருந்தா தொட்டுருப்பேன்டா. மறுபடி தல குளிச்சா ஆச்சு.” திரைப் பக்கம் இன்னும் குனிந்தார். “ஒனக்கு ஒடம்பு எளச்சிருக்கு. அந்தப் புள்ள சமைக்குதா?”

பிறகு என்னைப் பார்த்தார். “என்னா, பேச மாட்டேங்கிறான்?”

அவன் வைத்துவிட்டான் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் பேசி முடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. சொன்னதும் “ஓ” என்றார். எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

தொட்டியைக் கழுவிக் கவிழ்க்கப் போனேன். “அது அங்கயே கெடக்கட்டும்” என்றார்.

நாளை திங்கள். காலை பத்து மணிக்கு அண்ணனுக்கு டீ நேரம். கிளினிக்கில் அரைநாள் லீவு கேட்க வேண்டும். வீட்டிலிருந்தே அவனைக் கூப்பிட்டு, அவன் எடுத்ததும் நான் எதுவும் பேசாமல் போனை அம்மா கையில் கொடுக்க வேண்டும்.