கிளம்பும் நேரம் ஆறரை

ராய்ஸ் லெட்ஃபோர்டுக்கு வேலை போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. மனைவி லோர்னாவிடம் அவன் இன்னும் சொல்லவில்லை.

இருபத்தேழு வருஷம் காகித ஆலையில் இயந்திரம் பழுதுபார்த்தவன். இரண்டாம் இயந்திரத்தை நிறுத்துகிறோம் என்று சொல்லி, டிசம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில் நாற்பது பேரை வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொரு உறையைக் கொடுத்து வாசலுக்கு வெளியே விட்டுவிட்டார்கள். அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது லோர்னா தன் தம்பி கென்னியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். கென்னியின் பெயர் காதில் விழுந்ததும் ராய்ஸ் உறையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

காரணம் இருந்தது. மரக்கடை வேலை போய்க் கென்னி எட்டு மாதம் வீட்டில் இருந்தான். போன வருஷத்து நன்றி நாள் விருந்தில், எல்லோரும் வான்கோழிக்கறியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது ராய்ஸ்தான் அந்தப் பேச்சைப் பேசினான். பகலில் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறவன் கால்சட்டை போட்டுக்கொள்வதே வீண் என்றான். கென்னி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன்தான், அதற்கப்புறம் இந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ராய்ஸ் நினைத்தான். அந்த நாளைக்கு வரவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை தபாலில் ஒரு பெட்டி வந்தது. மின்சாரக் கூட்டுறவுக்காரர்கள் பாதி விலைக்குக் கொடுக்கும் புது தெர்மோஸ்டாட்; லோர்னா நவம்பரிலேயே எழுதிப் போட்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் நின்று வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு எப்போது ஓட வேண்டும், எவ்வளவு ஓட வேண்டும் என்று மணிக்கணக்கில் உத்தரவு போடுகிற சாதனம். பழையது பாதரசக் குப்பி வைத்தது. அதை விரலால் திருகுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

கையில் திருப்புளியைக் கொடுத்துவிட்டால் ராய்ஸ் வேறு மனிதன். பிரேக்கரை இறக்கினான். பழையதைக் கழற்றும் முன் ஒவ்வொரு கம்பியிலும் ஒட்டுநாடா சுற்றி எழுத்துப் போட்டான். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. இதுவரை யாருக்கும் பயன்படாமல் சுவருக்குள் சுருண்டு கிடந்த நீலக் கம்பியையும் வெளியே இழுத்து இணைத்தான். மட்டம் பார்த்துத் திருகாணி முடுக்கினான். லோர்னா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கையேட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். சோப்புப் பொட்டலத்து எழுத்தைக்கூட விடாமல் படிப்பாள்.

மின்சாரம் வந்ததும் திரை ஒளிர்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தது. வீட்டுக்குச் சூடு தருவது எரியுலையா, ஹீட் பம்பா என்றது. ஹீட் பம்ப். கடுங்குளிருக்குத் துணையாக மின்சுருள் உண்டா என்றது. உண்டு. ஆரஞ்சுக் கம்பியின் வால்வு எதற்குத் திறக்கும், குளிருக்கா, சூட்டுக்கா என்றது. இதில் தப்பினால் டென்னசி மலை டிசம்பரில் வீட்டுக்குள்ளேயே பனிக்காற்று வீசும். ராய்ஸ் குளிருக்கு என்று அழுத்தினான். இரண்டு நிமிஷத்தில் தரைத் துளைகளில் வெதுவெதுப்பான காற்று வந்தது. உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பன்னிரண்டு நாளில் அவன் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

அடுத்த பக்கத்தில் நான்கு வரி இருந்தது. எழும் நேரம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், தூங்கும் நேரம்.

லோர்னா அதை நிதானமாக, ஒவ்வொன்றாக வாசித்தாள். எழுவது ஐந்தரை என்றான். பிறகு அவள் கொஞ்சம் நிறுத்தி, "நீ வீட்டைவிட்டுக் கிளம்பறது?" என்று கேட்டாள்.

"ஆறரை."

"திரும்பறது?"

"நாலே முக்கால். உனக்குத் தெரியாததா?"

"மெஷின் கேக்குது, நான் படிக்கறேன்" என்றாள் லோர்னா.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு எவ்வளவு சூடு வைப்பது என்று வந்தபோது ராய்ஸ் ஐம்பத்தெட்டு என்றான். வழக்கமாக இருப்பது, ஃபாரன்ஹீட் கணக்கில், அறுபத்தெட்டு. ஐம்பத்தெட்டில் வீட்டுக்குள் கோட்டைக் கழற்ற முடியாது. ஹீட் பம்புக்கு மூன்று நான்கு டிகிரிக்கு மேல் இறக்கக் கூடாது, இறக்கினால் மறுபடி ஏற்றுவதற்கு மின்சுருள் எரிந்து மிச்சம்பிடித்ததை எல்லாம் தின்றுவிடும் என்று கையேட்டில் போட்டிருப்பதை லோர்னா காட்டினாள். அது ராய்ஸுக்குத் தெரியாமலா? ஊரில் யார் கேட்டிருந்தாலும் அவனே அதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் பொய் சொல்கிறவன் கை எப்போதும் ஒரு பிடி உப்பை அதிகமாகவே போடும். "பகல் முழுக்க ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்குச் சூடு?" என்று ஐம்பத்தெட்டையே வைத்தான். அவள் கையேட்டை மூடி இழுப்பறையில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ராய்ஸ் ஐந்து வாரம் ஓட்டினான்.

காலை ஆறரைக்குக் காபிக் குடுவையோடு வண்டியை எடுப்பான். ஏரிக்கரையில் படகு இறக்கும் சரிவில், கண்ணாடியெல்லாம் ஆவி படிய உட்கார்ந்திருப்பான். லோர்னா ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிடுவாள். எட்டு மணிக்கு மேல் பின்பாதை வழியாக வந்து, வண்டியை ஷெட்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, தன் வீட்டுக்குள் தானே திருடன்போல நுழைவான்.

வீடு அவன் போட்ட உத்தரவுப்படி குளிர்ந்துகொண்டே இருக்கும். கோட்டும் தொப்பியும் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வேலை விளம்பரங்களைப் பார்ப்பான். ஐம்பத்தைந்து வயது இயந்திரக்காரனைக் கேட்டு யாரும் விளம்பரம் போடவில்லை. தெர்மோஸ்டாட்டைத் தொட அவனுக்குத் துணிவில்லை. அன்றன்றைக்கு எத்தனை மணி நேரம் ஓடியது என்று அது கணக்கு வைத்திருந்தது; லோர்னா தினமும் சாயங்காலம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். தன்னையே காட்டிக்கொடுக்கும் காவல்காரனை நடுக்கூடத்தில் தானே ஆணி அடித்து மாட்டிக்கொண்டதுபோல் ஆயிற்று. மூன்றரைக்கு எழுந்து, காபிக் கறையைத் துடைத்து, நாற்காலியை இருந்தபடி தள்ளிவைத்துவிட்டு மறுபடி ஏரிக்கரைக்குப் போவான். நாலே முக்காலுக்கு வேலையிலிருந்து திரும்புவான்.

இரவுச் சாப்பாட்டில்தான் பெரிய பாடு. அன்றைக்கு ஆலையில் என்ன என்று லோர்னா கேட்பாள். அவித்த பீன்ஸையும் சோள ரொட்டியையும் பிசைந்துகொண்டே அவன் கதை கட்டுவான். பெரும்பாலும் டெல்மர் கதை. டெல்மர் அவனோடு பத்தொன்பது வருஷம் ஒரே பட்டறையில் இருந்த கோமாளி. ராய்ஸோடு சேர்ந்து அவனும் உறை வாங்கியவன். பொய்ப் பல்லைக் கூழ்த் தொட்டிக்குள் தவறவிட்டது, மேற்பார்வையாளர் தலைக்கவசத்தில் கிரீஸ் தடவியது என்று பழைய சேட்டைகளைத் தேதி மாற்றிப் பரிமாறினான். லோர்னா சிரிப்பாள். அவள் சிரிக்கச் சிரிக்க ராய்ஸ் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டான்.

ஜனவரி நடுவில் கடுங்குளிர் இறங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டேகாலுக்குப் பின்கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். வீடு வெதுவெதுவென்று இருந்தது.

திரையில் அறுபத்தெட்டு என்று காட்டியது. ஒரு கணம் அவன் ஒன்றும் யோசிக்கவில்லை. காலணியைக் கழற்றினான். தரைத் துளையோரம் காலை நீட்டி உட்கார்ந்தான். மரத்துப்போன விரல்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. ஐந்து வாரத்தில் முதல்முறையாகத் தன் வீட்டில் இருப்பதுபோல் இருந்தது. கண் சொக்கியது.

பிறகு அவனுக்குள் இருந்த பழுதுபார்ப்பவன் எழுந்துகொண்டான். ஆளில்லாத நேரத்தில் ஏன் அறுபத்தெட்டு? போய் அட்டவணையைத் திறந்தான். மற்ற மூன்று வரியும் அவன் வைத்தபடி இருந்தன. கிளம்பும் நேரம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. இரவு மின்சாரம் போய் வந்திருக்க வேண்டும், அதில் ஒரு வரி அழிந்திருக்கிறது என்று முடிவுகட்டினான். பாதி விலைச் சரக்கு வேறு எப்படி இருக்கும்? சாயங்காலம் லோர்னா வந்து ஓடிய மணிக்கணக்கைப் பார்ப்பாள். யாருமில்லாத வீடு யாருக்காகக் காய்ந்தது என்று கேட்பாள்.

கிளம்பும் நேரம் ஆறரை, ஐம்பத்தெட்டு என்று மறுபடி போட்டான். அது போதாது என்று தோன்றவே முன்கதவையும் பின்கதவையும் திறந்துவைத்தான். மலைக்காற்று வீட்டுக்குள் புகுந்து பழைய செய்தித்தாளைத் தூக்கி எறிந்தது. கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, வாங்கிய சூடு முழுவதும் வெளியே போய்ச் சேரும்வரை கூடத்தில் நின்றான். ஐம்பத்தெட்டு வந்ததும் கதவைச் சாத்தினான். வேலையை ஒழுங்காக முடித்த திருப்திகூட அவனுக்கு இருந்தது, பாவம்.

சாயங்காலம் லோர்னா ஐந்தேகாலுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் தெர்மோஸ்டாட்டின் முன்னால் போய் நின்று ஒரு பொத்தானை அழுத்தினாள். இன்னொன்றை அழுத்தினாள். அங்கேயே வெகுநேரம் நின்றாள். ராய்ஸ் மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தான். அவள் சமையலறைக்கு வந்து அவன் எதிரில் உட்கார்ந்து, இன்றைக்கு ஆலையில் என்ன என்று வழக்கம்போல் கேட்டாள்.

டெல்மர் இன்று ஒரு கூத்து பண்ணினான் என்று ஆரம்பித்தான்.

"டெல்மர் இங்க இல்ல, ராய்ஸ்" என்றாள் லோர்னா. "கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வீட்டைக் காலி பண்ணிட்டு ஜார்ஜியாவுக்கு மக வீட்டுக்குப் போயிட்டான். உன்னைத் தேடி இங்க வந்தான், சொல்லிட்டுப் போக. நீ வெளியே போயிருக்கேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

ராய்ஸின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. டெல்மர் போய்விட்டான் என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரியும். யார் கண்ணிலும் படாமல் ஒளிந்து திரிந்ததில் தன் சிநேகிதன் ஊரைவிட்டுப் போனதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறான்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டான்.

இரண்டாவது வாரமே தெரியும் என்றாள். இரத்த அழுத்த மாத்திரையை அவன் மறந்துவிட்டுப் போன ஒரு நாள், கொடுத்துவிட்டு வரலாம் என்று ஆலை வாசலுக்குப் போயிருக்கிறாள். அந்த நாற்பது பேரும் இங்கே வருவதில்லையே அம்மா என்று காவல்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொல்லியிருக்கிறான். அது ஒரு புதன்கிழமை. சனிக்கிழமை தெர்மோஸ்டாட் வந்தது.

"நீ எப்போ கிளம்புவேன்னு கேட்டேனே, அப்போ நீயே சொல்லிடுவேன்னு நெனச்சேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறரைன்னே."

"நேரா கேட்டிருக்கலாமே, லோர்னா."

"எப்படிக் கேக்கறது? கென்னியை நீ பேசின பேச்சு எனக்கு மறக்குமா? அதே வாயில உன்னை நீயே எப்படிச் சொல்லிக்குவே? நான் கேட்டு நீ உடைஞ்சு போயிட்டா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தினமும் அந்த ஓட்டக் கணக்கைப் பார்த்தேன் என்றாள். ஒரு நாளாவது குளிர் தாங்காமல் ஏற்றி வைத்திருப்பான், அதை வைத்துப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று பார்த்தாளாம். ஒரு நாளும் அவன் தொடவில்லை. நேற்று வானொலியில் கடுங்குளிர் வருகிறது என்றார்கள். அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அந்த ஒரு வரியை அவள் அழித்துவிட்டாள்.

"சொல்ல முடியலன்னா சொல்ல வேணாம். வீடு சூடா இருக்கறதைப் பார்த்தா, இவளுக்குத் தெரியும், பரவாயில்லைன்னு நீ புரிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்னு நெனச்சேன். சாயங்காலம் நானும் ஒண்ணும் கேக்காம இருந்திருப்பேன். உனக்கு வேண்டியதெல்லாம் பேசாம உட்கார்றதுதானே. அதையும் போய் ரிப்பேர் பண்ணிட்டியே, ராய்ஸ்."

அவனிடம் பதில் ஒன்றுதான் இருந்தது. அது உண்மையாகவும் இருந்தது.

"பழுதுன்னு நெனச்சேன்" என்றான்.

லோர்னா தலையை ஆட்டினாள். தன் தட்டில் கொஞ்சம் பீன்ஸ் போட்டுக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் இரவுச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். ராய்ஸ் கதவின் இந்தப் பக்கம் நின்று, உள்ளே கரண்டி தட்டில் படும் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.