கருமண் குட்டையில் செம்மண்

1.

என் தங்கை மகள் ஒரு குட்டையில் இறங்கி ஏறினால், காலணியைத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த குட்டையை எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். பதினோரு ஆண்டுப் பழக்கம். மழைக்குட்டைகளில் வாழும் நகக்கண் அளவு இறால்களின் மரபணுக்களை ஆராய்பவள் அவள். குட்டை வற்றினால் இறால்கள் மடியும். முட்டைகள் மட்டும் காய்ந்த மண்ணுக்குள் அடுத்த மழைவரை உறங்கும்.

இந்தக் கதை அவள் சொன்ன ஒரு செய்தியில் பிறந்தது. கருமண் குட்டையின் காய்ந்த தரையில் செம்மண் கட்டிகள் கிடந்தனவாம். சாலைக்கு அப்பால் உள்ள செம்மண் குட்டையிலிருந்து யாருடைய காலணியிலோ ஒட்டி வந்தவை. காலணிகளைச் சரிபார்ப்பது ஆய்வக உதவியாளரின் பொறுப்பு. அவரைக் களப்பணியிலிருந்து நீக்கிக் கிடங்கில் உட்காரவைத்துவிட்டார்கள்.

2.

முதல் வரைவு: "ஓர் ஊரில் ஒரு சோம்பேறிக் காவற்காரன்…"

வேண்டாம். உதவியாளரை எருமையாக்கினேன். நீதிக்கதை எழுதுகிறவனுக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

(உங்களுக்கும் ஓர் ஐயம் எழுந்திருக்கும்: செம்மண்ணோடு வந்த முட்டைகளும் பொரிந்து இரண்டு குட்டை இறால்களும் கலந்தால் பெருகத்தானே செய்யும்? கேட்டேன். கருமண் குட்டை மூன்றே வாரத்தில் வற்றிவிடும். அங்குள்ளவை அதற்குள் வளர்ந்து முட்டையிடும் வம்சம். செம்மண் குட்டையில் உள்ளவற்றுக்கு ஐந்து வாரம் வேண்டும். கலந்து பிறப்பவை முட்டையிடுமுன் தண்ணீர் போய்விடலாம். கருமண் குட்டையின் வம்சம் வேறெங்கும் இல்லையாம்.)

3.

வரைவை வாசித்துக் காட்டினேன். எருமை சேற்றுக் காலோடு அயலான் வயலில் நுழையும் இடத்தில் அவள் சிரிக்கவில்லை. இருட்டிக்கொண்டு வரும் வானத்தையே சன்னல் வழியே பார்த்தாள்.

"மாமா, அதை அடிச்சுடுங்க. எருமை நான்தான்."

கட்டிகள் விழுந்த அன்று மேகம் திரண்டிருந்தது, கடைசியில் பெய்யவில்லை. மழைக்கு முன் மண் மாதிரி எடுக்கும் அவசரத்தில் தனியாகப் போய், செம்மண் குட்டையில் மிதித்த காலணியைக் கழுவாமலே இறங்கியிருக்கிறாள். ஆய்வக இயக்குநர் விசாரித்தபோது வாய் திறக்கவில்லை. பழி உதவியாளர் தலையில் விடிந்தது.

கண்ணில் பட்ட கட்டிகளைப் பொறுக்கிவிட்டார்கள். உதிர்ந்த தூள் எங்கெங்கே என்பது நடந்தவளுக்குத்தான் தெரியும். மழைக்கு முன் அவ்விடங்களைச் சுரண்டியாக வேண்டும். சொல்லிவிட்டாலோ, பதினோரு ஆண்டாகச் சேர்த்த பெயர்…

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிவில்லை.]

4.

ஒரு முடிவில் மழையைப் பொய்க்கவைத்தேன். அது கதாசிரியன் தரும் லஞ்சம், கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. இயக்குநருக்குத் தன் பெயரிட்டு உண்மையை எழுதி அனுப்பினாள். பிறகு கிடங்குக்குப் போனாள். நானும் உடன் போனேன். மாதிரிப் புட்டிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த உதவியாளரிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒட்டிக்கொண்டிருந்த சீட்டை ஒட்டி முடித்தார்.

"இப்பல்லாம் காலு சுத்தமா வீட்டுக்கு வர்றியே, ஏம்பான்னு என் பொண்ணு கேக்குறா மேடம். என்ன சொல்லட்டும்?"

"நானே வந்து சொல்றேன்ணா."

"அது அப்புறம். எங்கெங்க மிதிச்சீங்க? அதைக் காட்டுங்க முதல்ல."

குட்டையில் அவள் முன்னே நடந்து இடம் காட்ட, அவர் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் பையில் போட்டார். அவள் கணக்கில் நாற்பது காலடிகள். பன்னிரண்டு முடிந்தபோது வானம் உறுமியது.

மழை முந்தியதா, அவர்கள் முந்தினார்களா? நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் எழுதமாட்டேன். கண்டதை மட்டும் சொல்கிறேன்: அவரிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, பதின்மூன்றாவது இடத்தில் அவள் மண்டியிட்டாள்.